வாசகர் கேள்வி – பதில்: முத்துச் சலாபத்துக்கு வந்த நீர்மூழ்கி

பழைய அறிவியல் நூல்களையும் அதே காலத்து அறிவியல் புனைகதைகளையும் ஒன்றையடுத்து ஒன்றாகப் படித்தால் இரண்டுமே நன்றாக விளங்கும் என்று முந்தைய இதழ் ஒன்றில் எழுதியிருந்தேன். அதையொட்டி இராமநாதபுரக் கடற்கரை ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூல் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் நம் மன்னார் வளைகுடாவுக்கு வந்ததாக எங்கள் கல்லூரிப் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். உண்மைதானா? அவர் எழுதியிருப்பது எந்த அளவுக்குச் சரி?
– வாசகி, கீழக்கரை

உண்மைதான். ஆனால் நாட்டிலஸ் என்ற அந்தக் கப்பல் வந்தது உங்கள் ஊர்ப் பக்கத்துக்கு அன்று. எதிர்க்கரையான இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களுக்கு, அதாவது முத்துச் சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளுக்கு. 1869, 1870 ஆண்டுகளில் பிரெஞ்சு இதழில் தொடராக வெளிவந்த 'கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்' நாவலின் இரண்டாம் பாகம் இந்தியப் பெருங்கடலில் தொடங்குகிறது. இலங்கையை நெருங்கும்போது, கதையைச் சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் கப்பலின் நூலகத்துக்குப் போய், அந்தத் தீவைப் பற்றி எச். சி. சர் என்ற ஆங்கிலேயர் எழுதிய புத்தகத்தைத் தேடி எடுக்கிறார். சர் உண்மையாகவே வாழ்ந்தவர்; அவருடைய புத்தகமும் 1850இல் உண்மையாகவே வெளிவந்தது. இந்தக் கடலைக் கண்ணால் காணாத வெர்ன் இத்தகைய நூல்களை வைத்துக்கொண்டுதான் எழுதினார் என்பதை அவருடைய கதையே இவ்வாறு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

முத்துக் குளிப்பைப் பற்றி நாட்டிலஸின் தலைவரான கேப்டன் நெமோ தரும் விளக்கத்தை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் படித்துக் காட்டினால் அவர்கள் பெரும்பாலும் தலையசைப்பார்கள். மார்ச் மாதத்தில் படகுகள் கூடுவது, ஒவ்வொரு படகிலும் பத்துப் பேர் துடுப்பு வலிக்கவும் பத்துப் பேர் குளிக்கவும் இருப்பது, குளிப்பவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மாறிமாறி இறங்குவது, கால்களுக்கிடையே பற்றிய கல்லின் பாரத்தால் ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்துக்குப் போவது, படகோடு கட்டிய கயிற்றால் மேலேறுவது ஆகியவை சலாபங்களை (முத்துக் குளிக்கும் பருவக் கூட்டங்களை) நேரில் பார்த்தவர்களின் குறிப்புகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. குளிப்பவர்களின் குறைந்த கூலியையும் விரைவில் தேய்ந்துபோகும் உடலையும் அவர் சொல்லத் தவறவில்லை. கீழக்கரையிலிருந்தும் குளிகாரர்கள் இலங்கைச் சலாபங்களுக்குப் போய்வந்தது வரலாறு. ஆகவே அந்த அத்தியாயத்தில் பெயரில்லாமல் வரும் மனிதர்கள் உங்களுக்கு முற்றிலும் அந்நியர்கள் அல்லர்.

பருவம் தொடங்குவதற்கு முன்பே அங்கு வந்து தனியாக மூழ்கும் ஓர் ஏழை இந்தியரைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு அதன்மேல் பாய்கிறார். நெமோவுக்கே ஆபத்து நேரும்போது, உடன் வந்த திமிங்கில வேட்டைக்காரர் நெட் லேண்ட் ஈட்டியால் சுறாவைக் கொல்கிறார். மயங்கிய குளிகாரரைப் படகில் ஏற்றி உணர்வூட்டிய பின், ஒரு பை நிறைய முத்துகளை அவர் கையில் வைத்துவிட்டு நெமோ திரும்புகிறார். ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்த அந்த மனிதனின் பக்கமே தாமும் கடைசி மூச்சு வரை இருப்பதாக அவர் சொல்வதன் பொருள் முதல் நாவலில் விளங்குவதில்லை. 1874, 1875இல் வெளிவந்த 'மர்மத் தீவு' நாவலில்தான் அவர் மத்திய இந்தியாவின் பந்தேல்கண்டைச் சேர்ந்த இளவரசர் தக்கார் என்பதும், திப்பு சுல்தானின் உறவினர் என்பதும், 1857 கிளர்ச்சியில் பங்குகொண்டவர் என்பதும் தெரியவருகின்றன. முதலில் நெமோவை ரஷ்யப் பேரரசால் குடும்பத்தை இழந்த போலந்துக்காரராக வைக்கவே வெர்ன் எண்ணியிருந்தார். பதிப்பாளர் மறுத்ததால் அவருடைய நாடு மறைக்கப்பட்டது. அந்த மறுப்பு இல்லாமல் போயிருந்தால் நமக்கு இந்த இந்தியக் கேப்டன் கிடைத்திருக்கமாட்டார்.

அறிவியல் நோக்கில் அந்த அத்தியாயத்தில் என்னைக் கவர்ந்தது சுறாச் சண்டை அன்று, குகைக்குள் இருக்கும் பெரிய சிப்பி. அதற்குள் தேங்காய் அளவில் ஒரு முத்து இருக்கிறது. நெமோ அதை ஆண்டுதோறும் வளரவிட்டு வைத்திருக்கிறார். கண்ணாடித் துண்டையோ உலோகத் துண்டையோ சிப்பிக்குள் செருகி, அதன்மேல் முத்துப்பொருள் படியும்படி நெமோவே செய்திருக்கக்கூடும் என்று அரோனாக்ஸ் ஊகிக்கிறார். ராட்சதச் சிப்பியில் விளையும் முத்துக்கு முத்துச் சிப்பி முத்தின் ஒளி வராது; பீங்கான் போன்ற வெண்மைதான் வரும். ஆனால் அந்நியப் பொருளைச் செருகி முத்து விளைவிக்கும் எண்ணம் சரியானது. சீனாவில் அந்த வழக்கம் முன்பே இருந்தது. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைவட்ட முத்துகளை விளைவித்தார். நம் வளைகுடாவிலேயே, தூத்துக்குடியில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் உருண்டை முத்துகளை விளைவித்துக் காட்டினார்கள். கதையில் ஊகமாக வந்த ஒன்று அதே கடலில் ஆய்வுக்கூட வேலையாக முடிய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

படிக்கப் புகுமுன் ஓர் எச்சரிக்கை. 1870களில் வெளிவந்த முதல் ஆங்கிலப் பதிப்பில் மூலத்தின் கால்பங்கு அளவுக்கு வெட்டப்பட்டிருக்கிறது. அளவுகளிலும் பிழைகள் மலிந்திருக்கின்றன. மலிவுப் பதிப்புகள் பலவும் நெடுங்காலம் அதையே அச்சிட்டன. எஃப். பி. வால்டர் செய்த முழுமையான ஆங்கில வடிவம் பிராஜெக்ட் குட்டன்பெர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைப்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக வரும் மீன் பட்டியல்களைத் தாண்டிப் போனால் பாவமில்லை. நானும் தாண்டித்தான் போவேன்.

காலாவதியான அறிவியல் நூல்களைப் படிப்பதால் தவறான செய்திகள்தானே மனத்தில் பதியும்? புதிய நூல்கள் இருக்க, பழையவை எதற்கு?
– வாசகர், பாம்பன்

அறிவியல் தேர்வுக்குப் படிப்பவராக இருந்தால் உங்கள் கருத்தே சரி, பழையவற்றைத் தொடவேண்டாம். ஆனால் எச். ஜி. வெல்ஸ் 1895இல் எழுதிய 'கால எந்திரம்' கதையின் கடைசிப் பகுதியைப் படித்தவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. காலப்பயணி 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னேறிப் போய், வானத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு மங்கிச் சிவந்து கிடக்கும் சூரியனையும், உயிர் ஏறக்குறைய அற்றுப்போன கடற்கரையையும் பார்க்கிறார். சூரியன் இன்னும் பலநூறு கோடி ஆண்டுகள் எரியும் என்று பள்ளிப் பிள்ளைகளே அறிந்திருக்கும்போது, அறிவியல் படித்த வெல்ஸ் ஏன் 3 கோடியோடு நிறுத்தினார்?

விடை 1862ஆம் ஆண்டு 'மேக்மில்லன்' என்ற பொது இதழில் இருக்கிறது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் அதில் சூரிய வெப்பத்தின் வயதைப் பற்றி எழுதினார். சூரியன் தன் ஈர்ப்பால் சுருங்குவதாலேயே வெப்பம் பிறக்கிறது என்று கொண்டு கணக்கிட்டால், சூரியனின் ஆயுள் கோடிகளில் அடங்கிவிடுகிறது. பூமியில் வாழ்வோர் இன்னும் பலகோடி ஆண்டுகள் இந்த ஒளியை நம்பியிருக்க முடியாது என்றும், நாம் அறியாத வேறொரு வெப்ப மூலம் இருந்தாலொழிய இம்முடிவு மாறாது என்றும் அவர் எழுதினார். கணக்கில் பிழையில்லை, ஆனால் அவர் ஒதுக்குப்புறமாக விட்டுவைத்த அந்த அறியாத மூலம்தான் அணுக்கருப் பிணைவு, அதாவது சிறிய அணுக்கருக்கள் ஒன்றுசேர்ந்து பெரியவையாவது. இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே 1939இல் அதன் வினைகளை விளக்கினார். இன்றைய மதிப்பீட்டில் சூரியனின் வயதே 460 கோடி ஆண்டுகள். ஆக, வெல்ஸின் சிவந்த சூரியன் அவருடைய காலத்தின் சிறந்த இயற்பியலிலிருந்து நேராக வந்தது. தாம்சனின் கட்டுரையைப் படிக்காதவருக்கு அது வெறும் மிரட்டலாகத் தோன்றும். படித்தவருக்கோ ஒரு தலைமுறையின் அச்சமே அதில் தெரியும்.

செவ்வாயின் கதையும் இப்படித்தான். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டதாக வரைந்தார். 1895இல் அமெரிக்கரான பெர்சிவல் லோவெல் அவற்றை வறண்டுபோகும் உலகத்தின் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று நூலாகவே எழுதினார். 1898இல் வெல்ஸின் செவ்வாய்வாசிகள் பூமியில் இறங்கிவிட்டார்கள். லோவெலைப் படிப்பவர்கள், டார்வினோடு இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1907இல் எழுதிய மறுப்பு நூலையும் சேர்த்துப் படிக்கவேண்டும். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கிழவர், அவ்வளவு மெல்லிய காற்றும் அவ்வளவு கடுங்குளிரும் உள்ள கோளில் திறந்த கால்வாயில் நீரை ஓடவிடுவதே மடமை என்று பொறுமையாக எடுத்துக்காட்டினார். 1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்கள் அவர் பக்கமே சாட்சி சொல்லின. தவறு எது என்பது தெரிந்த பின், அந்தத் தவறை ஒருவர் எவ்வளவு அழகாக வாதிட்டார், இன்னொருவர் எந்த இடத்தில் பிடித்தார் என்று பார்க்கும் வசதி பழைய நூல்களில் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பழைய நூலிலிருந்து தொடங்கலாம்?
– வாசகி, ஏர்வாடி

மைக்கேல் ஃபாரடே இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 'மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு' என்ற பெயரில் 1861இல் நூலாயின. அதிலுள்ள சோதனைகள் ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. வாசிக்கக் கொடுப்பதோடு நிற்காமல், ஒரு மெழுகுவர்த்தியையும் கண்ணாடிக் குழாயையும் வைத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.

சுழற்காற்றில் அகப்பட்டால் எண்ணெயை ஊற்றிக் கடலை அடக்கலாம் என்று எங்கள் தாத்தா காலத்தில் சொல்வார்களாம். இதைப் பற்றிப் பழைய நூல்களில் ஏதேனும் உண்டா?
– வாசகர், தங்கச்சிமடம்

நிறையவே உண்டு, கதையாகவும் உண்டு. நீரில் குளிப்போர் வாயில் எண்ணெயை வைத்துக்கொண்டு மூழ்கி நீருக்கடியில் உமிழ்ந்து வெளிச்சம் பெற்றதை ரோமானியரான பிளினி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்திருக்கிறார். ஆனால் அதைச் சோதனையாகச் செய்து பார்த்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1757இல் கப்பல் பயணத்தின்போது, சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குள்ள நீரைக் கொட்டிய கப்பல்களின் பின்னே மட்டும் கடல் வழவழப்பாக இருப்பதைக் கண்ட அவர், பின்னர் இலண்டனில் கிளாப்பம் குளத்தில் காற்று வீசும் நாளில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டார். அது பரவிப் பரவி அரை ஏக்கர் நீரைக் கண்ணாடிபோல ஆக்கிவிட்டதென்று 1774இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் எழுதினார்.

அவர் போடாமல் விட்ட கணக்கை நாம் போட்டுப் பார்க்கலாம். அரை ஏக்கர் என்பது நம் கணக்கில் 50 சென்ட், அதாவது சுமார் 2,000 சதுர மீட்டர். தேக்கரண்டியில் 5 மில்லிலிட்டர் பிடிக்கும் என்று கொண்டால், படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு வருகிறது. இது ஏறக்குறைய ஒரே ஒரு மூலக்கூறின் நீளம்! ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு 1890இல் இதைத் துல்லியமாக அளந்தார். ஜெர்மனியில் வீட்டு வேலைகளுக்கிடையே சமையலறைத் தொட்டியில் நீர்ப்பரப்பை ஆராய்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸின் கடிதத்தை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தவரும் அவரே.

எண்ணெய்ப் படலம் நீரின் மேற்பரப்பில் நீட்சித்தன்மையை உண்டாக்கி, காற்று முதலில் எழுப்பும் சிற்றலைகளை அடக்கிவிடுகிறது. சிற்றலை இல்லாத பரப்பைக் காற்று பற்றித் தள்ளுவது கடினம். அதனால் அலை வளர்வதும் முகடு உடைவதும் குறைகின்றன. ஏற்கெனவே எழுந்துவிட்ட பேரலை அடங்குவதில்லை. பெண் கடலான பாக் நீரிணைப் பக்கத்தில் இலேசான வாடைக்காற்றில் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வலுத்து நிற்கும் நாளில் ஆண் கடலான மன்னார் வளைகுடாவில் ஒரு போத்தல் எண்ணெயால் ஆவது ஒன்றுமில்லை.

இனிக் கதை. வங்காளத்தில் கூந்தல் எண்ணெய் வணிகர் ஒருவர் நடத்திய சிறுகதைப் போட்டிக்காக 1896இல் ஜகதீஷ் சந்திர போஸ் ஒரு கதை எழுதினார். கல்கத்தாவைத் தாக்கப்போவதாக அறிவிக்கப்பட்ட புயல் வராமலே மறைந்துவிடுகிறது. வானிலையாளர்கள் ஆளுக்கொரு கோட்பாடு சொல்கிறார்கள். உண்மையில் நடந்தது என்னவென்றால், உடல்நலம் தேறுவதற்காக இலங்கைக்குக் கப்பலேறிய வழுக்கைத்தலை மனிதர் ஒருவர், புயலில் சிக்கியதும் தம்மிடமிருந்த கூந்தல் எண்ணெய்ப் போத்தலைக் கடலில் வீசியிருக்கிறார். பரிசும் பெற்ற இந்தக் கதையை 1921இல் போஸ் விரித்து எழுதித் தம் நூலில் சேர்த்தார். இந்திய மொழிகளில் எழுந்த முதல் அறிவியல் புனைகதைகளுள் ஒன்று விளம்பரப் போட்டிக்காக எழுதப்பட்டது என்பதும், அதை எழுதியவர் முந்தைய ஆண்டுதான் கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர் ஊடுருவச் செய்து காட்டிய இயற்பியல் பேராசிரியர் என்பதும் எனக்கு மிகவும் பிடித்த செய்திகள். கோட்பாடு கட்டும் நிபுணர்களை அவர் கேலி செய்வது, உள்ளே இருந்தவர் செய்யும் கேலி.

தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைக் கண்டவர்கள் இன்னமும் இருக்கும் உங்கள் தீவில் இதை விரிக்க வேண்டியதில்லை: புயலின் வலு அலையிலிருந்து வருவது அன்று, வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பத்திலிருந்து வருவது. தாத்தா சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு, போஸ் சொன்னது வேடிக்கை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் படகு டீசலைக் கடலில் ஊற்றிச் சோதிக்கவேண்டாம்.

நான் கடல்சார் உயிரியல் படிக்கிறேன். எங்கள் கரையோடு பொருத்திப் படிக்கத்தக்க பழைய எளிய அறிவியல் நூல் ஒன்றைச் சொல்லமுடியுமா?
– மாணவர், மண்டபம்

ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1868இல் நாரிச் நகரத் தொழிலாளர்களுக்கு ஆற்றிய 'ஒரு துண்டுச் சுண்ணக்கட்டியைப் பற்றி' என்ற உரை. ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். தச்சர்கள் காற்சட்டைப்பையில் வைத்திருக்கும் சுண்ணக்கட்டியை எடுத்து உருப்பெருக்கியில் காட்டி, அது கடலடியில் மடிந்து படிந்த நுண்ணுயிர்க் கூடுகளின் குவியல் என்று நிறுவி, அங்கிருந்து இங்கிலாந்து கடலுக்கடியில் கிடந்த காலத்துக்கும், நிலமும் கடலும் இடம் மாறியதற்கும் அவர் கேட்போரைக் கொண்டுபோகிறார். அருஞ்சொற்களால் யாரையும் மிரட்டுவதில்லை.

உங்கள் ஊரில் பழைய வீடுகளின் சுவர்களிலும் கரையோரப் பாறைகளிலும் தெரியும் பவளக் கற்களைப் பார்த்தபடி இந்த உரையைப் படிக்கலாம். ஹக்ஸ்லிக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சான்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது. அடுத்ததாக, பவளத்திட்டுகள் எவ்வாறு அமைகின்றன என்று டார்வின் 1842இல் எழுதிய நூலுக்குப் போங்கள். அதற்கடுத்து, சென்னை அருங்காட்சியகம் 1927இல் வெளியிட்ட குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் பற்றிய தொகுப்பு. அது பொதுமக்களுக்கான நூல் அன்றாயினும், இன்று தேசியப் பூங்காவுக்குள் அடங்கிய அத்தீவில் நூறாண்டுக்கு முன் என்னென்ன இருந்தன என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் எழுதிய 'இந்தியாவின் புனிதச் சங்கு' நூலையும் தேடிப் பாருங்கள். சங்கு குளிப்பவர்களின் வேலைமுறை முதல் சங்கு வளையல் அறுக்கும் தொழில் வரை அதில் இருக்கிறது. அரசு அதிகாரி ஒருவரின் அறிக்கை இவ்வளவு சுவையாக இருக்கக்கூடும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. பவளமே சுண்ணாம்புக்காக வெட்டப்பட்டதும், வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கிப்போனதும் இந்நூல்களுக்குப் பிந்திய செய்திகள். அவற்றை எழுதவேண்டியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தாம்.

இன்னொன்று: ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்த மாணவர்களில் வெல்ஸும் ஒருவர். அவருடைய கதைகளில் உயிரினங்கள் சூழலுக்கேற்ப மாறிக்கொண்டேயிருப்பது அந்த வகுப்பறையில் கிடைத்த பாடம்.

தமிழில் பழைய அறிவியல் நூல்கள் என்று சொல்லத்தக்கவை எவை? எங்கே கிடைக்கும்?
– வாசகர், தேவிபட்டினம்

உங்கள் கடற்கரைக்கு எதிரே, நீரிணைக்கு அப்பாலிருந்து தொடங்கவேண்டும். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களையும் ஆக்கினார். 'இரண வைத்தியம்' 1867இலும் வேதியியலுக்கான 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சாயின. இவை பாடநூல்கள்தாம், ஆனாலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தமிழில் வேதியியல் எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பதற்காகவே புரட்டலாம். நூலகம் என்ற ஈழத்து இணைய நூலகத்தில் யாழ்ப்பாணப் பழைய அச்சு நூல்கள் ஏராளமாக உள்ளன.

பொதுவாசகருக்கான எழுத்து என்றால் பெ. நா. அப்புசாமியைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1891இல் பிறந்து 1986இல் மறைந்த இந்த வழக்கறிஞர், ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் தமிழில் அறிவியல் எழுதினார். அவருடைய நடை சிறு பிள்ளைக்கும் பிடிபடும். அதே வேளையில் பெரியவரை அவமதிக்காது. அடுத்து, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை வெளியான பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியமும், கோவையிலிருந்து ஜி. ஆர். தாமோதரன் தொடங்கி நடத்திய 'கலைக்கதிர்' இதழின் பழைய தொகுதிகளும். கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இருக்கிறது.

மூன்றாவது வழி மாஸ்கோவிலிருந்து வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளிலும் அவர்களுடைய புத்தக வண்டிகளிலும் சில ரூபாய்க்கு விற்ற சோவியத் நூல்களை வாங்காத ஆசிரியர் வீடு அந்தக் காலத்தில் குறைவு. அவற்றில் யாக்கோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிறது. ஏனெனில் அவர் புனைகதைகளையே கணக்குப் புத்தகமாக்கியவர். வெல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் விழித்திரையும் ஒளியைத் தடுக்காமல் விட்டுவிடுமாகையால் அவன் குருடனாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் காட்டிய இடத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். சந்திரனை நோக்கி ஆட்களைக் குண்டில் வைத்துச் சுடும் வெர்னின் பீரங்கியையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1865இல் வந்த அக்கதையில் பீரங்கிக் குழாயின் நீளம் 900 அடி. குண்டு வெளிவரும் வேகம் வினாடிக்கு 12,000 கஜம். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இருமடங்கால் வகுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பவர்மேல் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 22,000 மடங்கு முடுக்கம் விழும். 60 கிலோ மனிதர் அந்தக் கணத்தில் 1,300 டன் எடையோடு தரையில் அப்பிப்போவார். பதினொன்றாம் வகுப்பு மாணவருக்கு இதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியாது. பெரல்மான் 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியில் இறந்தார்.

தேடும் இடங்களைப் பொறுத்தவரை, இணையத்துக்கு முன்னால் வீட்டு நூலகங்களைச் சொல்வேன். இராமேஸ்வரத்தில் எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்திலிருந்து சிறுவயதில் புத்தகங்கள் எடுத்துப் படித்ததை அப்துல் கலாம் தம் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். உங்கள் பக்கத்திலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பரண்களில் சோவியத் நூல்கள் இன்னும் கிடக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போவதற்கு முன் கேட்டுப் பெறுங்கள். ஆங்கில நூல்களுக்குத் தடையில்லை: ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் இந்தியாவில் பதிப்புரிமை முடிந்துவிடுவதால், 1946இல் மறைந்த வெல்ஸின் எழுத்துகள் 2007 முதல் இங்கே எல்லாருக்கும் பொது.

தொடக்ககால அறிவியல் புனைகதையில் பெண்களே இல்லையா?
– வாசகி, உச்சிப்புளி

தொடக்கமே பெண்தான். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. 1940களில் புதுமைப்பித்தன் அதைத் 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்தார். நம் நாட்டுக்கு வந்தால், பேகம் ரொக்கையா 1905இல் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளியானது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்க, பெண்கள் நடத்தும் நாட்டில் சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். காற்று மண்டலத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்குகிறார்கள். படையெடுத்து வந்த எதிரியை அதே சூரிய வெப்பத்தைக் குவித்து விரட்டுகிறார்கள். சில பக்கங்களே உள்ள கதை. வெர்னின் மூன்று நாவல்களுக்கு ஈடாக அதைச் சொல்வேன்.

உப்புக் காற்றில் பழைய புத்தகங்கள் பொடிந்துபோகின்றன. ராமபாணப் பூச்சியும் அரிக்கிறது. எப்படிக் காப்பது?
– வாசகர், தொண்டி

பொடிவதற்கு உப்புக் காற்று மட்டும் காரணமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாள் பெரும்பாலும் பருத்திக் கந்தலிலிருந்து செய்யப்பட்டது. பின்னர் மரக்கூழுக்கு மாறினார்கள். மை கசியாமலிருக்கச் சேர்த்த படிகாரம் தாளுக்குள் அமிலத்தை உண்டாக்கியது. அதனால்தான் 1820ஆம் ஆண்டு நூல் வெள்ளையாக இருக்க, 1930ஆம் ஆண்டு நூல் பழுப்பேறி ஒடிகிறது. கடலோர ஈரமும் வெப்பமும் அந்த அமில வினையை விரைவுபடுத்துகின்றன. கூடவே பூஞ்சணம் படர்கிறது, கம்பித் தையல் துருப்பிடித்துத் தாளைத் தின்கிறது.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டத்துக்கு இடம் விட்டு நிறுத்துங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். ஈரமான புத்தகத்தை வெயிலில் போடாமல் நிழலில் விசிறிக் காற்றில் விரித்துக் காயவையுங்கள். துருப்பிடித்த கம்பியைக் கழற்றிவிட்டுப் பருத்தி நூலால் தைக்கலாம். ராமபாணம் புத்தகக் கட்டின் பசையிலுள்ள மாவுப்பொருளுக்காகவே வருகிறது. வசம்பும் வேப்பிலையும் ஓரளவுக்கு அதை அண்டவிடாமல் செய்யும், ஆனால் உள்ளே புகுந்துவிட்ட பூச்சியைக் கொல்லமாட்டா. அந்துருண்டையின் ஆவி உடம்புக்குக் கேடு. குழந்தைகள் படுக்கும் அறையில் அதை வைக்கவேண்டாம். பூச்சி விழுந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் மூடி, குளிர்ப்பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் பை அறை வெப்பத்துக்கு வரும் வரை திறக்காமல் இருங்கள். இல்லையென்றால் தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டுவதும், பக்கங்களை லேமினேட் செய்வதும் கூடவே கூடாது. இனிப் புரட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்ட நூலைக் கைபேசியிலேயே படமெடுத்துவிடுங்கள். தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் முதலில் எடுக்கவேண்டும். முதலில் உதிர்வது அந்தத் தாள்தான், பதிப்பாண்டும் பதிப்பகமும் அதில்தான் இருக்கின்றன.